தைத்த நரம்பும் மரத்த விரலும்

கேள்வி: கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நடு நரம்பு அறுந்துவிட்டது. அன்றே தைத்தார்கள். மூன்று மாதமாகியும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லை. தையல் பிடிக்கவில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மூன்று மாதத்தில் நுனிவரை உணர்ச்சி வந்திருந்தால்தான் ஆச்சரியம். தைத்தது நரம்பின் வெளியுறையை. உள்ளே ஓடும் ஆக்ஸான் இழைகள் (நரம்பணுவிலிருந்து நீளும் செய்தி கடத்தும் இழைகள்) வெட்டுக்குக் கீழே மொத்தமும் அழிந்துபோகும்; தைத்தாலும் அது நிற்காது. தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து அகஸ்டஸ் வாலர் 1850-லேயே இதைச் சொல்லிவிட்டார்.

அந்த இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை போட்டுக் காத்துவந்த ஷ்வான் செல்கள் சாவதில்லை, தொழிலை மாற்றிக்கொள்கின்றன. சி-ஜுன் என்ற புரதம் அவற்றுக்குள் கூடுகிறது, மையலின் தயாரிப்பு நிற்கிறது. தாங்கள் போட்ட உறையைத் தாங்களே உடைத்துச் செரிக்கின்றன. மிச்சத்தை அள்ள மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களை வரவழைக்கின்றன. பிறகு பெருகி, நீண்டு, பழைய குழாய்க்குள் வரிசைகட்டி வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. புது இழை அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. நகரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 17, 18 செ.மீ. இருக்கும். தையலைத் தாண்டவே சில வாரம் போய்விடும். ஆக, ஆறேழு மாதக் கணக்கு.

வளர்ச்சியை நீங்களே பார்க்கலாம். விரல் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி நரம்பின் மேலே மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தட்டினால் விரலுக்குள் 'சுர்' என்று மின்சாரம் பாய்கிறதோ, அங்கே பேனாவால் குறியிட்டு அளந்து எழுதிவையுங்கள். அடுத்த மாதம் அது 2, 3 செ.மீ. முன்னேறியிருக்க வேண்டும். தையல் இடத்திலேயே நின்றால் இழைகள் தழும்பில் சிக்கி முடிச்சாகியிருக்கலாம். அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளிப்போடாதீர்கள். இழை வராமல் மாதங்கள் ஓடினால் ஷ்வான் செல்களின் வீரியம் குறைகிறது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் தசையும் நரம்பை ஏற்கும் திறனை இழக்கிறது. இடையில், சூடான பாத்திரத்தை மற்ற கையால் தொட்டுப் பார்த்தபின் எடுங்கள். மரத்த விரல் வெந்தாலும் தெரியாது.

கேள்வி: கை நரம்பு மறுபடி வளரும் என்றால், அறுந்த தண்டுவடம் ஏன் வளர்வதில்லை?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அங்கே ஷ்வான் செல் இல்லை. அங்கே மையலின் போடும் ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல் இப்படித் தொழில் மாறாது. அங்குள்ள துப்புரவு செல்களான மைக்ரோகிளியா குப்பையை அள்ளுவதும் மந்தம். வளர்ச்சியைத் தடுக்கும் மையலின் துண்டுகள் நெடுநாள் கிடக்கும். ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் காயத்தைச் சுற்றித் தழும்புச் சுவர் எழுப்பும். அந்தச் சுவரை வில்லனாக்கிவிட வேண்டாம். அதைத் தடுத்த எலிகளில் காயம் இன்னும் பரவியது. கனடாவின் மான்ட்ரியாலில் அகுவாயோ என்ற ஆய்வாளரின் குழுவினர் எலியின் கால் நரம்புத் துண்டைத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தபோது, மைய நரம்பு மண்டல இழைகள் அதற்குள் சில செ.மீ. வளர்ந்தன. 1981-இல் வெளியான முடிவு அது. பாலம் முடிந்து தண்டுவடத்துக்குள் திரும்ப நுழைந்ததும் நின்றுவிட்டன.

கேள்வி: நரம்பு சீக்கிரம் வளர வைட்டமின் மாத்திரை போடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பி12 குறைவு ரத்தத்தில் தெரிந்தால் போடுங்கள். குறைவில்லாதவருக்கு நாளுக்கு 1 மி.மீ. என்ற வளர்ச்சி மாத்திரையால் 2 மி.மீ. ஆகிவிடாது. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.