ஏரிக்கரையில் மழை பெய்தால் ஐன்சீடல்னில் என்ன பெய்யும்? உப்புவெளித் தம்பிக்குப் பதில்

தம்பி, உப்புவெளி என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். நானும் அந்தப் பக்கம்தான், திருமலை என்கிற திருகோணமலை டவுன். சுவிஸுக்கு வந்து தலை நரைத்துவிட்டது.

நீங்கள் கேட்டது இது. சூரிச் ஏரிக்கரையில் வேடன்ஸ்வில்லில் ஒரு குசினியில் வேலை கிடைத்திருக்கிறது, காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். வீடு ஐன்சீடல்னில் பார்த்திருக்கிறீர்கள். ஏரிக்கரையை விட வாடகை குறைவு, தூரமும் பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான். மாசி முடியப் போகிறது, இனி ஸ்னோ பெரிதாக வராதுதானே, சமர் ரயரோடு, அதாவது கோடைக்கான ரயரோடு, ஒரு பழைய கார் மலிவாக வருகிறது, வாங்கலாமா? அதோடு மகளின் பள்ளிக்கூடம், ஜேர்மன் வகுப்பு, மருத்துவக் காப்புறுதி எல்லாம் எப்படி?

கடைசி மூன்றையும் சுருக்கமாக முடிக்கிறேன். பள்ளிக்கூடத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை, வீடு எங்கேயோ அந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான். காப்புறுதியை வந்து மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஜேர்மன் வகுப்பை ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். முகநூலில் நாலு பேரிடம் கேட்டு நாலு பதிலோடு குழம்பாதீர்கள். சரி, இனி ஸ்னோ.

பதினைந்து கிலோமீட்டர் என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். வேடன்ஸ்வில் ஏரிக்கரையில் கிடக்கிறது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். ஐன்சீடல்ன் சுமார் 880 மீட்டர். இடையில் 470 மீட்டர் ஏற்றம். 1877 இல் போட்ட அந்த ரயில் பாதை சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு ஐம்பது மீட்டர் ஏறுகிறது. பல்சக்கரம் இல்லாத ஒரு பாதைக்கு அது கடுமையான ஏற்றம். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். நுவரெலியா பார்த்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த 470 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி. ஏரிக்கரையில் 3 டிகிரியில் மழை தூறும்போது ஐன்சீடல்னில் பூச்சியம். பூச்சியத்தில் பெரும்பாலும் மழை பெய்யாது, பனிதான்.

தையில் மேலும் கீழும் பூச்சியத்துக்குக் கீழே நிற்கிற நாட்களில் இரண்டு இடத்திலும் பனி கொட்டும், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மாசிக் கடைசியிலும் பங்குனியிலும்தான் இந்த 3 டிகிரி உயிரை எடுக்கும். ஏனென்றால் அந்த நேரத்தில் வருகிற புயல்கள் பூச்சியத்துக்கு மேலும் கீழுமாகத்தான் நடமாடும். கீழே குடை, மேலே மண்வெட்டி. இந்த இரண்டு ஊருக்கும் இடையே ஓடுகிற எஸ்13 ரயிலில் ஒரு பங்குனிக் காலையில் யன்னலோரம் இருந்து பாருங்கள். வேடன்ஸ்வில்லில் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். சாம்ஸ்டாகர்ன், 630 மீட்டர், துளிகள் தடித்துக் கண்ணாடியில் பொத்துப் பொத்தென்று விழுந்து வழுக்கும். ஷிண்டெல்லேகியில் 750 மீட்டர் தாண்டும்போது வயல் முழுக்க வெள்ளை. பீபர்ப்ருக்கில் மேடையை ஒருவர் வழித்துக்கொண்டிருப்பார். நான் இப்போது இருப்பது அதற்கு அங்கால் ரோத்தன்தூர்மில், இன்னும் கொஞ்சம் உயரத்தில். ஆகவே இது வாசித்து அறிந்த கதை இல்லை.

வானொலியில் வானிலை சொல்லும்போது ஷ்னேஃபால்கிரென்ஸ என்று ஒரு எண் சொல்வார்கள். எந்த உயரம் வரைக்கும் பனி இறங்கி வரும் என்ற எண் அது. டிகிரியைக் கேட்காவிட்டாலும் அதைக் கேளுங்கள். பூச்சிய டிகிரி இருக்கும் மட்டத்திலிருந்து அது வழக்கமாக இருநூறு முன்னூறு மீட்டர் கீழே இருக்கும், விழுகிற பனி உருகுவதற்கு அவ்வளவு தூரம் வேண்டும். 700 என்று சொன்னால் உங்கள் வேலையிடத்தில் மழை, உங்கள் வீட்டில் பனி. கைத்தொலைபேசியில் சூரிச் என்று போட்டு வைத்துக்கொண்டு ஐன்சீடல்னில் இருக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசியில் குடைப் படம்தான் வரும். உங்கள் ஊரின் அஞ்சல் எண்ணைப் போடுங்கள்.

மேலே அதிகமாகக் கொட்டுவதற்குக் குளிர் மட்டும் காரணம் இல்லை. வடமேற்கிலிருந்து வருகிற ஈரக் காற்று அல்ப்ஸ் மலையில் முட்டி மேலே ஏறும், ஏறும்போது குளிரும், குளிரும்போது ஈரத்தைக் கொட்டும். அதனால் தண்ணீர்க் கணக்கிலேயே மேலே அதிகமாக விழும். ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு புயலில் ஏரிக்கரையில் 20 மில்லிமீட்டர் விழுகிறது. அதில் முதல் 12 மழையாகப் போய்விட்டது, பிறகு குளிர்ந்து கடைசி 8 நசநசவென்ற பனியாக விழுகிறது. ஐந்து ஆறு சென்டிமீட்டர் வரும், பங்குனி வெயில் பட்டால் பத்து மணிக்கே தார் ரோட்டில் காணாது. அதே புயலில் மேலே 28 மில்லிமீட்டர், தொடக்கத்திலிருந்தே பனி. ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது பொதுக் கணக்கு, ஆக 28 சென்டிமீட்டர். பகலிலும் பூச்சியத்தைச் சுற்றி நிற்பதால் அது அப்படியே கிடக்கும், அடுத்த புயல் அதற்கு மேலே விழும். இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் உயர மலைகளில் பனி ஆகக் கூடுவது தையில் இல்லை, சித்திரையில். செண்டிஸ் உச்சியில், 2502 மீட்டரில், 1999 ஏப்ரலில் 816 சென்டிமீட்டர் அளந்தார்கள். எட்டு மீட்டர், தம்பி. கீழே அப்போது மரங்கள் பூத்திருக்கும்.

புயலுக்கு முதல்நாள் ஏமாற்றும் காற்று ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் அறிவீர்கள். வைகாசி ஆனியில் எங்கள் பக்கம் அடிக்கிற கச்சான் காற்றை நினைத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையகத்து வத்தவளைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகித் திருமலை மட்டக்களப்புக்கு வந்து உதட்டை வெடிக்க வைக்குமே, அதே காரியம்தான் இங்கே ஃபோன் என்ற காற்று. இத்தாலிப் பக்கம் கொட்டிவிட்டு வடக்கே இறங்கும். மாசியில் 15 டிகிரி வரும், வானம் வடிவாகத் தெளிந்திருக்கும், சனம் பல்கனியில் கதிரை போட்டு இருப்பார்கள். எங்கட ஆக்கள் அன்றைக்குத்தான் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள், சுவிஸில் சமர் வந்துவிட்டது என்று. ஃபோன் காற்று அடங்கியதும் வடமேற்கிலிருந்து குளிர் முகப்பு வரும், சில மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கும், அதே இரவில் கதிரையில் பனி ஏறியிருக்கும். ஃபோன் காற்று அடிக்கிற நாளில் சமர் ரயருக்கு மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்று, உங்களுக்கு அந்த வீட்டை மார்கழியில் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மார்கழியில் ஏரிக்கு மேல் மூடுபனி வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும், கனமான குளிர்காற்று கீழே தேங்கி நிற்கும், ஐன்சீடல்னில் பளிச்சென்று வெயில், கீழேயை விடச் சூடாகக்கூட இருக்கும். மேலே குளிரே இல்லை என்று வீடு காட்டுகிறவர்கள் சொல்வது அந்த நாட்களை வைத்துத்தான். அது காற்று அசையாத நாட்களின் கதை. புயல் வந்தால் காற்று கலங்கி எல்லாம் ஒழுங்காக உயரக் கணக்குப்படிதான் நடக்கும்.

ஏரிக்கரை என்றால் தப்பலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2006 மார்ச் 4, 5 அந்த வார இறுதியில் சூரிச்சில் 54 சென்டிமீட்டர் விழுந்தது. காரணம் பொழிவின் வேகம். ஒரு கிலோ பனி உருக எவ்வளவு சூடு வேண்டும் தெரியுமா? ஒரு லீட்டர் தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்குகிற அளவு. அந்தச் சூட்டைப் பனி சுற்றியிருக்கும் காற்றிலிருந்துதான் உறிஞ்சும். கனமாகவும் விடாமலும் கொட்டினால் காற்று தானே பூச்சியத்துக்கு வந்துவிடும், பனி மட்டம் நானூறு மீட்டர் வரைக்கும் இறங்கிவிடும். காற்று ஓட்டம் குறைந்த ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் இது இன்னும் மோசம். சூரிச்சில் இருக்கிற எங்கட ஆக்கள் சிலர் “இப்ப எங்க ஸ்னோ, எல்லாம் சூடாகிப் போச்சு” என்று கதைப்பார்கள். தாழ்ந்த இடங்களில் பனி குறைந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் குடிபோகிற இடம் தாழ்ந்த இடமில்லையே.

இப்போது கார். சுவிஸ் சட்டத்தில் வின்ரர் ரயர் கட்டாயம் என்று நேராக எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு சமர் ரயரோடு ஓடுகிற கெட்டிக்காரர்கள் எங்கள் சனத்தில் நிறைய. பனியில் சறுக்கி ஒருவரை இடித்தால் காப்புறுதிக்காரர் சும்மா விடமாட்டார், பொலிசும் விடாது. வண்டி ஓடுகிற நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே சொல்கிற வழக்கு ஒக்ரோபரிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் வின்ரர் ரயர். ஐன்சீடல்னில் ஈஸ்டருக்குப் பிறகும் இரண்டு கிழமை விட்டு வைப்பேன். ரயரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் பனியில் பிரயோசனமில்லை, விற்கிறவர் 1.6 போதும் என்பார், அது சட்டத்தின் கடைசி எல்லை. மலிவுக் காரை வாங்குங்கள், நாலு நல்ல ரயரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உண்மையைச் சொன்னால் காலை ஆறரை வேலைக்கு ரயில்தான் நல்லது.

வீட்டு ஒப்பந்தத்தில் கார் நிற்கிற இடத்தின் பனியை யார் வழிப்பது என்று கேளுங்கள். மாசிக் கடைசிப் பனி தண்ணீர்ப் பனி. ஒரு கார் நிற்கும் இடம் ஐந்து மீட்டருக்கு இரண்டரை மீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் ஈரப் பனி கிடந்தால் முக்கால் தொன்னுக்குக் குறையாது. வேலைக்குப் போக முதல் முக்கால் தொன். குனிந்து தூக்கி எறியாதீர்கள், தள்ளுங்கள், கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருதரம், விட்டபிறகு ஒருதரம். இரவு உறைந்தால் கல்லாகிவிடும். என் பக்கத்து வீட்டு சுவிஸ்காரர் இங்கே பிறந்தவர், ஆனாலும் நான் எப்போது வழிக்கத் தொடங்குகிறேன் என்று பார்த்துத்தான் அவர் இறங்குவார்.

இந்தப் பனிப் பாடத்தை நான் படித்தது பிராவுன்வால்டில். கிளாருஸ் பள்ளத்தாக்கில் லிந்தால் 650 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து கயிற்று ரயிலில் மேலே போனால் பிராவுன்வால்ட் 1250 மீட்டர், காரே இல்லாத ஊர். அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவ எடுத்தார்கள். முதலாளி லிந்தாலுக்கு வரச் சொன்னார், வசந்தம் வருகிறது, மெல்லிய ஜக்கெற் போதும், சப்பாத்து மேலே தருவேன் என்றார். கீழே மழை. கயிற்று ரயில் ஏறுகிறது, பாதி வழியில் மரங்களில் கோடு போட்டதுபோல் கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்கியது. கதவு திறந்தபோது முழங்காலுக்கு மேலே பனி. சப்பாத்து அடுத்த குளிர் வரைக்கும் வரவில்லை. பனி வழிப்பது கோப்பை கழுவுகிறவனின் வேலை என்றார்கள், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. இன்றைக்கு வந்து கெமைண்டே என்கிற ஊர் அலுவலகத்தில் எல்லாம் இலவசமாகக் கேட்கிற பெடியன்களுக்கு இது விளங்காது. உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

1999 மாசியில் அங்கேதான் இருந்தேன். அந்த மாதம் வடமேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்த புயல்களில் அல்ப்ஸின் சில பகுதிகளில் ஐந்து மீட்டருக்கு மேல் விழுந்தது. சுவிஸின் வலே மாநிலத்தில் எவோலென், ஒஸ்ரியாவில் கால்ட்யூர், இரண்டு ஊரிலும் பனிச்சரிவு வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நாங்கள் குசினியில் வானொலியைக் கேட்டபடி உருளைக்கிழங்கு உரித்தோம். என்னோடு மூதூர்க்காரர் ஒருவர். குசினி மூடியபிறகு மீதிப் பாலையும் மஞ்சளையும் வைத்து ஒரு சொதி வைப்பார், தேங்காய்ப் பாலுக்கு எங்கே போவது. இரவு முழுக்கக் கூரையிலிருந்து பனி தொப்பென்று விழும், ஒவ்வொரு தடவையும் அவர் எழும்பி இருப்பார். கொட்டியாரக் குடாவில் ஷெல் விழுந்த காலத்து ஆள், சத்தம் கேட்டால் படுக்கமாட்டார். பனிதான் என்று நான் சொல்ல, தெரியும் என்று சொல்லிவிட்டு விடியும்வரை இருப்பார்.

அவர் இப்போது ஸ்காபரோவில். அங்கே மலையே கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு பங்குனியும் தொலைபேசி எடுத்து, கனடாவில் விழுவதுதான் ஸ்னோ, சுவிஸில் விழுவது பஞ்சு என்று எனக்கு வகுப்பு எடுக்கிறார்.