ஃபோனில் தட்டினால் விலை வருகிறது. மகளை மதிப்பீடு படிக்க வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறேன். எஸ்டிபிஎம் முடித்த மகளுக்குச் சொத்து மதிப்பீட்டுப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. என் அக்காள் மகனோ, "மாமா, இப்போ ஃபோன்ல முகவரியைத் தட்டினாலே ஏஐ வீட்டு விலையைச் சொல்லிடுது. அவ படிச்சு முடிக்கிறப்ப இந்த வேலையே இருக்காது" என்கிறான். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம் ஐயா. ஆனால் உங்கள் மருமகன் சொல்வதில் பாதி உண்மை.

நான் மதிப்பீட்டுத் தொழிலுக்கு வந்த புதிதில், அலுவலகம் திறந்ததுமே வங்கிக்காரர்களும் வீட்டு ஏஜெண்டுகளும் அழைப்பார்கள். "இந்தத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒற்றை மாடி, இடைவீடு, எவ்வளவு போகும்?" பழைய விற்பனைகளைப் புரட்டி வாய்மொழியாக ஒரு தொகை சொல்வோம். அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டு வருகிறது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், அடிக்கடி கைமாறும் தாமான் என்றால் அது சொல்லும் விலை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒப்பீட்டு விற்பனைகளைத் திரட்டுவது, அறிக்கையின் முதல் வரைவைத் தட்டுவது என்று புதுப் பிள்ளைகளிடம் நாங்கள் தள்ளிவிட்ட வேலையும் குறையும். மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் போதும் என்ற நிலை வரலாம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

தோட்டப் பட்டணங்களில் கதை வேறு. விற்பனையே குறைவு, நடப்பதிலும் பாதி சொந்தத்துக்குள். உங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். அதே வரிசையில் ஒரு வீடு மிகக் குறைந்த விலைக்குப் போனதாகப் பதிவு. விசாரித்தால், அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது. அது பாசத்தின் விலை, சந்தை விலை இல்லை. கணினிக்கு இரண்டும் வெறும் எண்தான்.

அப்புறம் வீட்டுக்குள் போனேன். சமையலறையைப் பின்னால் நீட்டிக் கால்வாய் ஓரம் வரை கட்டியிருந்தார்கள். நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் இல்லை. கூடத்துச் சுவரில் புதுப் பெயிண்டையும் மீறி முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டேன். "தண்ணி ஏறுச்சேப்பா, அரிசி மூட்டையெல்லாம் போச்சு" என்றார். மூன்று மணிக்குக் காற்று திரும்பியதும் செம்பனை ஆலையின் வாடை வேறு. செயலி காட்டிய தொகையைவிட நான் எழுதியது நன்றாகவே குறைவு. விற்பவருக்கு என்மேல் கோபம்தான். வாங்க வந்த பையன் கணக்கைத் திருப்பிப் போட்டான். விற்கும் விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தானே வங்கி கடன் தரும்.

இன்னொன்று கிராண்ட், அதாவது நிலப் பட்டா. பக்கத்துப் பக்கத்து நிலம், மண்ணும் ஒன்று. ஒன்று நிரந்தர உரிமை. மற்றது குத்தகை, அதிலும் கொஞ்ச வருஷமே மிச்சம். ஒன்றில் மாநில அரசின் அனுமதியில்லாமல் கைமாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். இன்னொன்று விவசாய நிலமாக இருக்கும், அதன்மேல் வீடு நிற்கும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டாக்கி விற்பதற்கும் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவில் தனிக் கட்டுப்பாடு உண்டு. தோட்டத் துண்டாடல் நம் ஆட்களை என்ன பாடுபடுத்தியது என்பது உங்கள் ஊருக்குத் தெரியாததா? அதைப் பார்த்துத்தானே, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இந்த வரிகளைக் கணினியும் வாசிக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் விலையில் எவ்வளவு வெட்டும் என்று முடிவெடுத்து, நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதைச் சட்டமே சொல்கிறது. 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டப்படி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்தான் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடலாம். கணினி எழுதித் தந்தது என்று யாரும் தப்பிக்க முடியாது. நடக்காத விற்பனையை நடந்ததுபோல் ஏஐ அழகாக எழுதிவிடும். அதைக் கண்டுபிடிக்காமல் கையெழுத்திட்டால் போவது நம் உரிமம்.

கணினியை முழுக்க நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டு விலைகளைக் கணித்துச் சொல்லும் அமெரிக்க இணையதள நிறுவனமான ஜில்லோ ஓர் உதாரணம். தன் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்ற அந்த நிறுவனம், 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. ஊழியர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வேலை போனது. அவர்களிடம் தரவுக்குப் பஞ்சமே இல்லை, பாருங்கள்.

ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. பதிவுபெறுவதற்கு முன் குறைந்தது 2 ஆண்டுப் பயிற்சி, அதன்பின் தொழில் திறன் தேர்வு. இதில் பாதியில் நின்றுவிடுகிறவர்களுக்குத்தான் இனி கஷ்டம், ஏனென்றால் கையெழுத்து உரிமை இல்லாதவர் செய்யும் வேலையைத்தான் கணினி முதலில் பிடிக்கும். பல்கலைக்கழகத்தில் நிலச் சட்டப் பாடத்தைக் கடமைக்குப் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புள்ளியியலும் கொஞ்சம் கைவர வேண்டும். கணினி தரும் விலை எதனால் வந்தது என்று குடையத் தெரியாதவர் அதைத் திருத்தவும் முடியாது.

பயிற்சிக்கு இடம் தேடும்போது, வாரத்தில் எத்தனை நாள் வெளியே அழைத்துப் போவார்கள் என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார வைக்கும் அலுவலகம் என்றால் வேறு இடம் பார்க்கட்டும். இந்த விடுமுறையிலேயே கார் லைசென்ஸும் எடுக்க வைத்துவிடுங்கள் ஐயா. தோட்டத்துச் செம்மண் ரோட்டுக்கு கிராப் வாடகைக் கார் வராது.