கச்சேரிகளுக்கு ஒலி அமைத்தவர் என்ற முறையில் உங்களால் மறக்க முடியாத கலைஞர்கள் யார்?

மாண்டலின் ஸ்ரீநிவாஸ். யோசிக்காமல் வருகிற பெயர் அதுதான்.

அவர் வாசித்தது ஐந்து தந்தி எலக்ட்ரிக் மாண்டலின். வீணைக் கச்சேரியில் மைக் போய்விட்டாலும் முதல் இரண்டு வரிசைக்காவது கேட்கும். எலக்ட்ரிக் மாண்டலினில் வயர் வழியாக வருவதுதான் வாத்தியமே. அதனால் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொறுப்பு அதிகம். ட்ரெபிள் கொஞ்சம் கூடினால் மீட்டும் 'டிக்' சத்தம் முன்னால் வந்து ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தை மறைத்துவிடும். ரொம்பக் குறைத்தாலோ நாதம் மங்கிவிடும். ஒரே மீட்டில் அவர் விரலை இழுத்துத் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்கும்போது ஓசை தேய்ந்துகொண்டே போகும். அது தேய்ந்து முடியும் வரை கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேலை. அவரோ எதுவுமே சிரமமில்லை என்பதுபோலச் சிரித்தபடி வாசித்துக்கொண்டிருப்பார். 2014 செப்டம்பரில், 45 வயதில் போய்விட்டார். இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

கத்ரி கோபால்நாத் இதற்கு நேர் எதிர். சாக்ஸபோனுக்குச் சின்ன ஹாலில் மைக்கே வேண்டாம். பக்கத்தில் கன்யாகுமரி அம்மாவின் வயலின். வயலின் கேட்கவில்லை என்று அந்த மைக்கை ஏற்றினால், அதற்குள் ஏறி வருவதும் சாக்ஸபோன்தான்! மைக்கின் முதுகு சாக்ஸபோன் பக்கம் இருக்கும்படி திருப்பி, வயலினுக்கு நெருக்கமாக வைத்து, மிக்ஸரில் சாக்ஸபோனின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நன்றாக இறக்கிவிட்டால் இரண்டும் சமமாகிவிடும்.

அப்புறம் விக்கு விநாயகராம். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி, விலக்கி, மறுபடி அழுத்தி வாசிப்பார். ஒவ்வொரு அசைவுக்கும் 'கும்' மாறும். அந்த 'கும்'தான் கடத்தின் உயிர். பேஸைக் கூட்டி வைத்திருந்தால் அது வெறும் இரைச்சலாகிவிடும். வெட்டிவிட்டால் மண்பானையைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான் மிஞ்சும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கடத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். அதனால் மைக்கை ஓர் அடியாவது தள்ளித்தான் வைக்க முடியும். தள்ளி வைத்த மைக்கில், ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப ஏறிக் கத்தும் கூவல் இல்லாமல், விரல் நுனியில் வரும் தாளச் சொற்களைக் கொண்டுவருவதில் இருக்கிற சந்தோஷமே தனி.

மறக்க முடியாத கச்சேரி என்று பார்த்தால், தியாகராஜருக்கு நடக்கும் திருவையாறு ஆராதனைதான். நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். பந்தல் நீளம். ஒலி 34 மீட்டர் போக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பின்னால் கட்டிய ஸ்பீக்கருக்கு அந்த அளவு தாமதம் கொடுக்காவிட்டால், பின்வரிசையில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், தாளமும் குழம்பும். அங்கே நான் முக்கியமாகப் பார்ப்பது, எந்த ஒரு குரலும் தனியாகத் தூக்கித் தெரியக் கூடாது என்பதைத்தான். பெரிய வித்வானும் பாட்டு கற்றுக்கொள்கிற பிள்ளையும் ஒரே அளவில் கேட்கிற இடம் அது.

இவர்கள் எல்லோரிடமும் பிடித்தது, மேடையிலேயே ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிப்பார்கள். பாடகர் கீழ்ஸ்தாயிக்கு இறங்கியதும் மிருதங்கம் தானாக அடங்கினால் ஃபேடரைத் தொடவே வேண்டாம். இப்போது ஆளாளுக்குத் தங்கள் பக்கம் திருப்பி வைத்த மேடை ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரை, கூட்டச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். ஒருவருக்குக் கூட்டினால் அடுத்தவருக்கும் கூட்ட வேண்டும், அரை மணி நேரத்தில் ஹாலே அதிரும். இளைய வித்வான்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒத்திகையில் ஒரு பாட்டையாவது மானிட்டர் இல்லாமல் வாசித்துப் பாருங்கள்.