ரிப்போர்ட்டில் ‘டில்ஸ் 40%’ என்று இருந்தால் ரேடியேஷன் தேவையில்லையா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் ‘டில்ஸ் 40%’ (TILs, கட்டிக்குள் புகுந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) என்று இருக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் இவ்வளவு இருந்தால் ரேடியேஷனை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டியின் மெல்லிய துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். மருத்துவர் ரேடியேஷன் சொல்லியிருந்தால், அந்த ஒரு எண்ணுக்காக விடாதீர்கள்.

முதலில் அந்த 40. கட்டியில் நாற்பது சதவீதம் என்றுதான் பலரும் படிக்கிறார்கள். புற்றுநோய்ச் செல் கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புத் திசுவில் எவ்வளவு இடத்தை லிம்போசைட் முதலிய எதிர்ப்புச் செல்கள் பிடித்திருக்கின்றன என்பதே கணக்கு. மைக்ரோஸ்கோப்பில் அவை கருநீலக் கடுகைச் சிதறியதுபோல் தெரியும். பெரும்பாலும் கண்ணளவில்தான் மதிப்பிடுகிறோம்; நான் 40 போட்டதற்கு இன்னொருவர் 30 போடலாம். ஆனாலும் நிறைந்து கிடந்தால் எனக்கு மனசு லேசாகும், டிரிபிள் நெகட்டிவ் வகையில் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 மூன்றும் இல்லாத வகை) இன்னும் கூடுதலாக.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஸ்வீடனில் 1991 முதல் 1997 வரை, கட்டியை மட்டும் எடுத்த சுமார் 1,200 பெண்களில் ஒரு பாதிக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கட்டிகளில் பிற்பாடு டில்ஸ் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது குறைவு. ரேடியேஷனின் பலன் டில்ஸ் குறைந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது, நிறைந்தவர்களிடம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் டில்ஸ் குறைந்தவர்களுக்கும் நிறைந்தவர்களுக்கும் ரேடியேஷன் பலனில் இருந்த அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இதை வைத்து ஒருவருடைய சிகிச்சையை நிறுத்த எனக்கு மனம் வராது.

ரேடியேஷனின் பலனோ பெரியது: இதேபோல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2011 ஆய்வில், ரேடியேஷன் இல்லாதபோது பத்து ஆண்டுகளில் 35% பேருக்கு நோய் திரும்பியது, கொடுத்தபோது 19%.

அப்புறம் இன்னொன்று, ரேடியேஷன் இந்த எதிர்ப்புச் செல்களையும் இரண்டு விதமாகத் தொடுகிறது. கதிர்வீச்சில் சாகும் செல்கள் தங்கள் புரதங்களைக் கொட்டுகின்றன. டென்ட்ரிடிக் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் அவற்றை எடுத்துப்போய், லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்களுக்குக் காட்டி, எதிரியை அடையாளம் காணப் பழக்குகின்றன. அதே கதிர், படுகிற இடத்திலுள்ள லிம்போசைட்டுகளையும் கொல்லும். அவை அதைத் தாங்காத செல்கள். எது ஓங்கும் என்பது கட்டிக்குக் கட்டி மாறுகிறது.

அம்மாவின் வயது, கட்டியின் வகை, வெட்டிய விளிம்பில் செல்கள் மிச்சமா, அக்குள் நெறிக்கட்டியில் பரவியிருக்கிறதா, இந்த நான்கையும் ரேடியேஷன் மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். டில்ஸ் பற்றியும் தயங்காமல் கேளுங்கள்.