9,500 பவுண் படகுக்கு 4,500 பவுண் கழிவா?

கேள்வி: ஹரோவில் இருக்கிறேன். விலைக்கு வந்திருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் குறூசர் படகைப் பார்த்தேன். 26 அடி, 1984இல் நோர்வேயில் கட்டியது. வழமையான அமைப்பு இல்லை: ஓட்டும் இடமும் இருக்கைகளும் நடுவில், முன்னால் ஒரு அறை, பின்னால் தனியாக இன்னொரு அறை. வொல்வோ பென்டா ஏக்யூ 260 பெற்றோல் எஞ்சின். கென்ற்றில், மெட்வே ஆற்றில் நிற்கிறது. கேட்கும் விலை 9,500 பவுண். இதே அளவில் டீசல் படகு என்றால் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். மாதம் 1,000 பவுண் கட்டும் 20 பேர் சீட்டில் இருக்கிறேன். எடுத்தவர் கடைசிவரை முழுக்காசு கட்ட வேண்டும். அடுத்த மாதம் இரண்டாவது கூறல் (ஏலம்). 4,500 கழிவு விட்டு (மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து) எடுத்தால் 20,000இல் 15,500 வரும். படகு போக 6,000 திருத்த வேலைக்குக் காணும். மனைவியின் தம்பி பாதி விலை தருகிறேன் என்கிறார். ஓடாத நாட்களில் இணையத்தில் வாடகைக்கு விட்டால் செலவு தானாக வந்துவிடும் என்றும் சொல்கிறார். முன்பு வானுக்கும், பிறகு மகளின் சாமத்திய வீட்டுக்கும் இப்படித்தான் சீட்டு எடுத்தேன். கஷ்டப்பட்டாலும் கட்டி முடித்தேன். மனைவிக்கு இந்த முறை பயம். வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவி சரியான இடத்தில்தான் பயப்படுகிறார். படகைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சீட்டு.

முந்தைய இரண்டு தடவையும் நீங்கள் தொடக்கத்திலேயே, பெரிய கழிவு விட்டு எடுத்திருக்கிறீர்கள். எடுத்தவர் கடைசிவரை முழுக்காசு கட்ட வேண்டும் என்பது உங்கள் சீட்டின் ஒழுங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கணக்கு இது: கையில் வரும் 15,500இல் அந்த மாதக் கட்டுக்காசு 1,000 போக மிச்சம் 14,500. அதற்குப் பிறகு 18 மாதம், மாதம் 1,000, மொத்தம் 18,000. முதல் மாதம் கட்டியதை விட்டுவிட்டாலும் இது மாதத்துக்கு ஏறக்குறைய 2.4 வீத வட்டி, வருடத்துக்கு 29 வீதம் அளவில் வருகிறது. நல்ல கடன் வரலாறு உள்ளவருக்கு வங்கித் தனிநபர் கடன் இதில் பாதி வட்டிக்கும் குறைவாகக் கிடைக்கும். வங்கியில் கடன் எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ‘சீட்டுக்கு வட்டி இல்லை’ என்று நினைத்து, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக விலை கூடிய கடனை மூன்றாவது முறையும் எடுக்கப் பார்க்கிறீர்கள். நீங்கள் விடும் 4,500, பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவர்களின் இலாபம். அந்தப் பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் வான் எடுத்த காலத்திலிருந்தே கையில் காசு சேர்ந்திருக்கும்.

அடுத்த கூறலில் வாய் திறக்க வேண்டாம். தாச்சி (சீட்டு நடத்துபவர்) நம்பிக்கையானவர் என்றால் கட்டிக்கொண்டே போய்க் கடைசி மூன்று நான்கு மாதங்களில் எடுங்கள். சீட்டுக் காசுக்கு வங்கி வைப்புக்கு உள்ள பாதுகாப்பு இல்லை. தாச்சி கைவிரித்தால் காசைத் திரும்ப எடுப்பது மிகக் கஷ்டம். அதனால் இன்னொரு சீட்டைத் தொடங்கவும் வேண்டாம்.

இனிப் படகு. அது மலிவாக நிற்பதற்கு அதன் வித்தியாசமான அமைப்பு ஒரு காரணம்தான். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு தனி அறை உண்மையிலேயே வசதி. ஆனால் விற்கும்போது அதே அமைப்பால் வாங்குபவர் குறைவு. பெரிய காரணம் எஞ்சின். ஏக்யூ 260 என்பது 5.7 லீட்டர் வி8, 260 குதிரைவலு. படகு நீரின் மேல் எழும்பி 20 நொட்டில் (மணிக்கு 20 கடல்மைல்) ஓடும்போது மணிக்கு 45 லீட்டர் அளவில் குடிக்கும். மெதுவாக ஓட்டினால் மிச்சம்தான், ஆனால் இந்த வகைப் படகு 5 நொட்டில் நேராகப் போகாது, சுக்கானைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல மரினாக்களில் டீசல் மட்டும்தான் கிடைக்கும். பெற்றோலைக் கலனில் சுமக்க வேண்டி வந்தால், பிளாஸ்டிக் கலன் 10 லீட்டர், உலோகக் கலன் 20 லீட்டர், வீட்டில் அறிவிக்காமல் வைத்திருக்கக்கூடியது மொத்தம் 30 லீட்டர். அது ஒரு மணித்தியால ஓட்டத்துக்கும் காணாது.

வருடச் செலவைப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் படகுக்கு மரினா இடம் மீட்டருக்கு 450 என்று வைத்தால் 3,600. காப்புறுதி 250, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் மரினாக்கள் இடம் தருவதில்லை, இவ்வளவு பழைய படகுக்குக் காப்புறுதி நிறுவனம் சேர்வேயர் (படகைப் பரிசோதிக்கும் நிபுணர்) அறிக்கையும் கேட்கும். தூக்கிக் கழுவி, அடிப்பூச்சு அடித்து, அனோட் (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) மாற்ற 700. எஞ்சினும் டிரைவும் (படகின் பின்னால் நின்று விசிறியைச் சுழற்றும் பகுதி) சேர்விஸ் 700. கோடையில் 12 நாள், நாளுக்கு இரண்டு மணி என்றால் 1,080 லீட்டர், லீட்டர் 1.50 வீதம் 1,620. கூட்டினால் 6,870. ஒரு நாள் ஓட்டத்துக்கு 570 பவுண். இதற்கு மேல் மாதம் 1,000 சீட்டுக்காசு.

6,000 திருத்த வேலைக்குக் காணும் என்கிறீர்கள். முதல் வருட மரினாவுக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். இந்த எஞ்சின் பெரும்பாலும் கடல்நீராலேயே நேரடியாகக் குளிரூட்டப்படுவது. எஞ்சின் புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் மனிபோல்டும் அதன் மேல் உள்ள ரைசர் குழாயும் வார்ப்பிரும்பு. உப்பு நீர் உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே சுவர் கடதாசி போல மெலிந்திருக்கும். ஓட்டை விழுந்தால் நீர் சிலிண்டருக்குள் இறங்கும், எஞ்சின் போய்விடும். இரண்டு பக்கமும் மாற்றினால் கூலியுடன் 2,000 என்று ஒதுக்குங்கள். டிரைவுக்கும் படகின் பின்பலகைக்கும் இடையில் உள்ள இரப்பர் பெலோஸை (நீர் புகாமல் தடுக்கும் மடிப்புக் குழாய்) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது கிழிந்து, கட்டி நிற்கும் இடத்திலேயே மூழ்கிய படகுகள் உண்டு. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெற்றோல் ஈ10. அதில் உள்ள எத்தனோல் பழைய எரிபொருள் குழாய்களை இளக வைக்கும். நீங்கள் தூங்கப்போகும் அறைக்குப் பக்கத்தில் பெற்றோல் குழாய் கசிவது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

அதையும் மீறி மனம் அந்தப் படகில்தான் நிற்கிறது என்றால், சொந்தச் சேமிப்பில் வாங்கும் நாள் வரும்போது இப்படிப் பாருங்கள். போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்ரார்ட் செய்ய வேண்டும், அதற்கு முன் எஞ்சின் அறையில் உள்ள பெற்றோல் ஆவியை வெளியேற்றும் காற்றோட்டி நான்கு நிமிடமாவது ஓட வேண்டும். டிரைவ் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பாருங்கள்: பால் தேநீர் நிறமாக இருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. டிரைவைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை வளைந்து கொடுத்தால் உள்ளே பிளைவூட் ஊறிவிட்டது, அந்தப் படகை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு ரைசரையாவது கழற்றிக் காட்டச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் 9,500இல் 2,000 குறைத்துத்தான் பேச்சு. எட்டு சிலிண்டரின் அமுக்கமும் ஒன்றுக்கொன்று 10–15 வீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு சேர்வேயர், தூக்குக்கூலியுடன் 800–900 வரும்.

பத்திரம்: எஸ்எஸ்ஆர் (பிரித்தானியச் சிறு கப்பல் பதிவேடு) பதிவு உரிமைக்குச் சான்று அல்ல. முந்தைய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக வேண்டும்.

மச்சான் தருவது 4,750, ஒரு தடவை. வருடா வருடம் வரும் 6,870இல் பாதியை யார் தருவது என்று அவர் சொல்லவில்லை. அதை எழுத்தில் தரச் சம்மதிக்காவிட்டால் அவர் பங்காளி இல்லை, விருந்தாளி. வாடகை யோசனையை முற்றாக விடுங்கள். காசுக்குப் படகை வாடகைக்கு விடுவதற்குக் பிரித்தானியக் கடல்சார் முகமையின் விதிப்படி தனிச் சான்றிதழ் வேண்டும்; சொந்தப் பாவனைக் காப்புறுதி அன்றோடு செல்லாது. ‘தானாகச் செலவைக் கட்டும் படகு’ என்று இணையத்தில் விற்கும் எந்தத் திட்டத்தையும் தொட வேண்டாம்.

பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகும் ஆசை நியாயமானது. இந்தக் கோடையில் நான்கைந்து நாள் படகை வாடகைக்கு எடுங்கள், ஆர்வைஏ (ரோயல் யொட்டிங் அசோசியேஷன்) அமைப்பின் இரண்டாம் நிலை விசைப்படகுப் பயிற்சியை நீங்களும் மனைவியும் முடியுங்கள். சீட்டைக் கடைசியில் எடுத்த பிறகும் ஆசை இருந்தால் 5 மீட்டர் அளவில், நான்கு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சினுடன், டிரெயிலரில் வீட்டு முன்றலில் நிற்கக்கூடிய படகாகப் பாருங்கள். உங்கள் வானின் இழுவைக் கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்பதை இப்போதே பார்த்து வையுங்கள்.