காரைக்குடியில் புதிதாக ஜிம்முக்குப் போகிறேன். குறைந்த விலையில் பளுதூக்கும் ஷூ எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது; ஓட்டப் பயிற்சிக்காக வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (ராடு) தோளில் வைத்துக் குந்தி எழும் பயிற்சி, செய்கிறீர்கள்; தொடை தரைக்குச் சமமாக வருவதற்குள் குதிகால் எழும்பிவிடுகிறது; மாஸ்டர் ஷூவை மாற்றச் சொல்கிறார்; கையில் ஐந்தாயிரம் ரூபாய் இருக்கிறது, அதற்குள் எதை வாங்கலாம். நானும் உங்கள் ஊர்ப்பக்கம்தான், தேவகோட்டை ரஸ்தா. முப்பத்தோரு வயதில், நாள் முழுவதும் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து எழுந்த உடம்போடு, இதே குதிகால் சிக்கலுடன்தான் நானும் தொடங்கினேன். இரண்டு முறை பணத்தை வீணாக்கிய பிறகு தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், இப்போது போட்டிருக்கும் ஷூவை ஏன் விட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஓட்டத்துக்கான ஷூவிலும் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட உயரமாகத்தான் இருக்கும். பெரும்பாலானவற்றில் அந்த வித்தியாசம் 8 முதல் 12 மில்லிமீட்டர். அப்படியானால் அதுவே போதாதா என்று தோன்றும். போதாது, ஏனென்றால் அந்த உயரம் முழுவதும் மென்மையான நுரையால் ஆனது. ஓடும்போது ஒவ்வொரு அடியின் அதிர்வையும் வாங்கி அமுங்குவதற்காகவே அதை வைக்கிறார்கள். தோளில் 60 கிலோ ராடு ஏறியதும் அதே நுரை அமுங்குகிறது, அதுவும் சீராக அமுங்குவதில்லை. பாதம் உள்பக்கம் சாய்பவர்களுக்கு உள்பக்கமும், வெளிப்பக்கம் சாய்பவர்களுக்கு வெளிப்பக்கமும் கூடுதலாக இறங்கும். மெத்தைமேல் நின்றுகொண்டு தலையில் நெல்மூட்டை வாங்குவதைப் போன்றது அது. பளுதூக்கும் ஷூவின் சிறப்பு, அதன் குதிகால் உயரமாக இருப்பதோடு அமுங்காமலும் இருப்பதுதான். பழைய காலத்து ஷூக்களில் தோலையும் மரத்தையும் அடுக்கிக் குதிகால் செய்தார்கள்; இப்போது பெரும்பாலும் டிபியு எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் வகை, விலை குறைந்தவற்றில் அழுத்தமாக்கிய ஈவிஏ நுரை.

அடுத்து உங்கள் கணுக்காலைச் சோதித்துப் பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையில் 10 சென்டிமீட்டர், அதாவது கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கை அகலம், இடைவெளி விடுங்கள். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முடிகிறதா? இரண்டு காலிலும் எளிதாகத் தொட முடிந்தால் உங்கள் கணுக்காலில் பெரிய குறை ஏதும் இல்லை. நுரை ஷூவும் பழகாத சமநிலையும்தான் காரணமாக இருக்கும். தொட முடியவில்லை என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது. கணுக்கால் மடங்காதபோது முழங்கால் முன்னே போக முடியாது. முழங்கால் போகாவிட்டால் இடுப்பு பின்னே தள்ளிப்போகும். அதை ஈடுகட்ட ஒன்று முதுகு முன்னால் கவிழும், இல்லாவிட்டால் குதிகால் எழும்பும். குதிகாலுக்குக் கீழே 2 சென்டிமீட்டர் உயரம் கொடுத்தால் அதே கணுக்காலை வைத்துக்கொண்டு முழங்கால் இன்னும் முன்னே போகலாம், முதுகும் நிமிர்ந்தே இருக்கும். இந்த ஷூ செய்யும் வேலை இவ்வளவுதான். உடல்வாகில் தொடையெலும்பு நீளமாக உள்ளவர்களுக்கு இதன் பயன் கூடுதலாகத் தெரியும்.

எங்கள் அப்பத்தா எழுபத்தெட்டு வயதில் வளவில் குந்தி உட்கார்ந்து ஒரு படி சின்ன வெங்காயத்தை உரித்து முடிப்பார். அந்த ஒரு மணி நேரமும் இரண்டு குதிகாலும் ஆத்தங்குடிக் கல்லில் ஒட்டியே இருக்கும். பேரன் அதே இடத்தில் குந்தினால் பின்னால் மல்லாந்து விழுவான். பரம்பரையில் வந்த குறை ஒன்றும் இல்லை, நாற்காலியால் வந்ததுதான். ஆகவே ஷூ வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தினமும் ஐந்து நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து பழகுங்கள். எனக்கு நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

ஐந்தாயிரத்தைச் செலவழிக்கும் முன் 150 ரூபாய் செலவழித்துப் பாருங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நம் ஊரில் பழைய வீட்டுச் சாமான் வியாபாரம் நடப்பதால் பர்மாத் தேக்கின் துண்டுதுணுக்குகள் ஆசாரிகளின் பட்டறையில் மூலையில் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஆசாரியிடம் போய், இரண்டு காலும் பக்கம்பக்கமாக வைக்கும் அளவுக்கு இரண்டடி நீளத்தில், ஒரு பக்கம் 2 சென்டிமீட்டர் உயரமும் மறுபக்கம் சரிந்து தரையோடு முடிவதுமாக ஒரு சாய்வுப் பலகை வேண்டும் என்றேன். "எதுக்குண்ணே, கதவுக்கு முட்டுக்கொடுக்கவா?" என்று கேட்டார். குதிகாலுக்கு என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நிலைக்கதவிலிருந்து உடைந்த ஒரு துண்டை எடுத்து இழைப்புளியால் சீவித் தந்தார். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொண்டேன், வழுக்காமல் இருப்பதற்காக. அதன்மேல் குதிகாலை வைத்து, தட்டையான கெட்டி ஷூவோடு, எடை குறைவாக வைத்து ஸ்குவாட் செய்து பாருங்கள். முதுகு நிமிர்ந்து, ஆழமாக இறங்க முடிகிறது என்றால் பளுதூக்கும் ஷூ உங்களுக்குப் பயன்படும். எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அந்த ஐந்தாயிரம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். பல ஜிம்களில் குதிகாலுக்குக் கீழே இரண்டு சிறிய இரும்பு பிளேட்டுகளை வைத்துக்கொள்கிறார்கள். வெறும் ராடோடு என்றால் பரவாயில்லை, எடை ஏறியபின் வேண்டாம். ஒரு பிளேட்டு நகர்ந்து, எங்கள் ஜிம்மில் ஒருவர் ராடோடு பக்கவாட்டில் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ராடை வைக்கும் ரேக்கின் குறுக்குக்கம்பி தாங்கியதால் தப்பித்தார்.

தட்டையான கெட்டி ஷூ என்று சொன்னது பள்ளியில் பீட்டி வகுப்புக்குப் போட்டோமே, அந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைத்தான். மெல்லிய, அமுங்காத ரப்பர் அடி. விலை சில நூறு ரூபாய். கணுக்கால் சோதனையில் தேறியவர்கள் இதோடு நின்றுவிடலாம், உண்மையாகவே. தரையில் கிடக்கும் ராடைக் கையால் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கும் இதுதான் சரியானது. குதிகால் உயர்ந்த ஷூவோடு டெட்லிஃப்ட் செய்தால் நீங்கள் உயர்ந்துவிட்டீர்கள், ராடு அதே இடத்தில் இருக்கிறது. அந்த 2 சென்டிமீட்டரையும் சேர்த்துத் தூக்க வேண்டும், போதாததற்கு உடல் எடை முன்விரல்களை நோக்கிச் சாயும். ஆகவே பளுதூக்கும் ஷூ வாங்கிய பிறகும் கேன்வாஸ் ஷூவைத் தூக்கிப் போட வேண்டியிருக்காது.

இனி வாங்குவதற்கு வருவோம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போட்டியில் ஒரு நொடிக்குள் பாதத்தைத் தரையிலிருந்து எடுத்து ஓங்கி ஊன்றி, தலைக்கு மேலே எடையைத் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்காகச் செய்யப்படும் உயர்விலை ஷூக்கள் நம் ஊரில் பத்தாயிரத்தைத் தாண்டும். நைக்கியின் ரோமலியோஸ், அடிடாஸின் அடிபவர் ஆகியவை அந்த வகை; அவற்றின் குதிகால் உயரம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்குவாட் செய்யும் நமக்கு அது தேவையே இல்லை. அடிடாஸின் பவர்லிஃப்ட் போன்ற தொடக்கநிலை ஷூக்களில் குதிகால் 15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அடிப்பகுதி டிபியுவாக இல்லாமல் கெட்டி நுரையாக இருக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: உயரம் மிதமாக இருப்பதால் உடல் எளிதில் பழகிக்கொள்கிறது. டெகாத்லான் போன்ற கடைகளின் சொந்தத் தயாரிப்புகளையும் இந்த வரிசையில் பார்க்கலாம். தள்ளுபடிக் காலத்தில் சென்ற ஆண்டின் மாடல் கணிசமாகக் குறையும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக விடாதீர்கள். விளம்பரத்தில் மில்லிமீட்டர் கணக்கைப் பார்க்கும்போது அது குதிகாலின் மொத்த உயரமா, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள வித்தியாசமா என்று கவனியுங்கள். நமக்குப் பயன்படுவது வித்தியாசம் மட்டுமே.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் இரண்டாயிரத்துக்கும் குறைவாக ஒன்றை விற்றார். குறுக்கே பட்டை, சரிந்த குதிகால், மரம் போன்ற பழுப்பு நிறம், படத்தில் எல்லாமே இருந்தது. வந்ததும் குதிகாலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன். இட்லியில் அழுத்தியதைப் போல உள்ளே போனது. மரம் என்று நினைத்தது மேலே ஒட்டிய காகிதப் படம். அன்றிலிருந்து கடையில் எந்த ஷூவை எடுத்தாலும் முதலில் கட்டைவிரல் சோதனைதான். நகம் பதியலாம், விரல் அமுங்கக் கூடாது. பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவதைப் போல முறுக்கிப் பாருங்கள். முன்பாதம் வளையலாம், குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை முறுகக் கூடாது. கண்ணாடி மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அளவில்தான் இரண்டாவது தவறு செய்தேன். இந்திய அளவும் பிரிட்டன் அளவும் ஒன்றே, ஆனால் வெளியிலிருந்து வரும் சிலவற்றில் ஐரோப்பிய எண் மட்டும் இருக்கும், 41, 42 என்று. எண்ணை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரோடு குதிகாலை ஒட்டி ஒரு தாளின்மேல் நின்று நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம் பாதங்களில் பல முன்னால் அகலமானவை. பளுதூக்கும் ஷூக்களில் பல முன்னால் குறுகலானவை. ஓட்டத்து ஷூவைப் போல முன்னே ஒரு விரல் இடம் விட வேண்டியதில்லை, குதிகால் இம்மியும் நழுவக் கூடாது. ஆனால் விரல்களை உள்ளே விரிக்க முடிய வேண்டும். நான் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று அரை அளவு குறைத்து வாங்கி, ஆறு வாரத்தில் சுண்டுவிரலில் கால் ஆணி வந்து, அதைத் தம்பிக்குக் கொடுத்தேன். நடுவில் உள்ள பட்டை பாதத்தைப் பின்னால் இழுத்து வைப்பதற்கானது. அளவு பெரிதாக எடுத்துவிட்டுப் பட்டையால் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

இதனால்தான் முதல் ஜோடியை நேரில் போட்டுப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். காரைக்குடியில் இந்த வகை ஷூவைக் கடையில் பார்ப்பது அரிது. மதுரையும் திருச்சியும் இங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். வேறு வேலையாகப் போகும் நாளில் பெரிய விளையாட்டுக் கடைகளில் போட்டு, அங்கேயே எடையில்லாமல் பத்து ஸ்குவாட் செய்து பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரியில் படிக்கும் மாணவர் யாராவது பழக்கமானால், பழைய ஜோடி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். பளுதூக்கும் ஷூ ஓட்டத்து ஷூவைப் போல விரைவில் தேய்வதில்லை. குதிகால் உறுதியாகவும் ஒட்டு விடாமலும் இருந்தால் பாதி விலையில் கிடைக்கும் பழைய ஜோடி புதிய மட்டமானதைவிட மேல். சாதாரண ஷூவுக்குச் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர்த் தகடு ஒட்டிக் குதிகாலை உயர்த்துவதும் ஒரு வழியே, நான் முயன்றேன். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் வரவில்லை.

வாங்கிய பிறகு ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் விட்டுவிட்டால் ஒட்டு இளகும். என்னுடையது ஒரு மே மாதத்தில் குதிகால் ஓரத்தில் வாய் பிளந்தது. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போகாமல் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையில் எடுத்துப்போய் ஜிம்மில் மாற்றிக்கொள்கிறேன். அடியில் செம்மண் ஏறாததால் பிடிமானமும் குறைவதில்லை. டிரெட்மில்லிலும் கயிறு தாண்டும்போதும் அதைக் கழற்றிவிடுங்கள்.

முழங்கால் முன்னே போவதால் முன்தொடைக்கும் முழங்காலுக்கும் வேலை கூடும். ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லாவிட்டாலும், புதிய ஷூவோடு முதல் இரண்டு வாரம் வழக்கமான எடையில் கால்பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுவர்ச் சோதனையில் எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்பதையும், பலகையில் நின்று செய்ததைப் பக்கவாட்டில் எடுத்த காணொளியையும் கருத்துப் பகுதியில் போட்டால், 15 மில்லிமீட்டர் போதுமா, 20 வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.