கொல்கத்தாவில் இருக்கும் கிளப்புக்கு ஏன் 'ஈஸ்ட் பெங்கால்' என்று பெயர்?

ஈஸ்ட் பெங்கால் என்பது கொல்கத்தாவின் கால்பந்து கிளப். சிவப்பும் பொன்னிறமும் அதன் நிறங்கள். இப்போது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடரில் ஆடுகிறது.

தொடக்கம் ஒரு மனத்தாங்கல்தான். 1920 ஜூலையில் மோகன் பகான் என்ற கொல்கத்தா கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில், ஜோராபகான் என்ற அணி சைலேஷ் போஸ் என்ற வீரரை உட்கார வைத்துவிட்டது. அவர் கிழக்கு வங்கத்துக்காரர், அதாவது இன்றைய வங்கதேசப் பகுதி. அதனால்தான் ஒதுக்கினார்கள் என்று பேச்சு. அந்த கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரியும் அதே பகுதிக்காரர். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. விலகி வந்து, நண்பர்களுடன் ஆகஸ்ட் 1 அன்று தங்கள் பகுதியின் பெயரிலேயே புது கிளப்பைத் தொடங்கிவிட்டார். ஊர்த் திருவிழாவில் மரியாதை கிடைக்காத பங்காளிகள் தனியாகப் பந்தல் போடுவார்களே, கிட்டத்தட்ட அதே கதை.

1947 பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கு இந்த கிளப்தான் விட்டுவந்த ஊரின் அடையாளம். மோகன் பகானுடன் மோதும் நாளில் இன்றும் கொல்கத்தா இரண்டாகப் பிரிகிறது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ரசிகர்கள் இலிசா மீனோடு கொண்டாடுவார்கள், மோகன் பகான் ஜெயித்தால் இறாலோடு. கோப்பைகளில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 2003இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வென்ற, தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கிளப் கோப்பை. தாய்லாந்தின் பலமான அணியை இறுதியில் 3-1 என்று வீழ்த்தினார்கள், சும்மாவா?

அப்புறம், பிரிவினை அகதிகள் தொடங்கிய கிளப் இது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் வந்தபோது கிளப்புக்கு 27 வயது.